அடி தோளில் விழட்டும்

ஏப்ரல் 2

சின்னவளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கேயும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். ஒரு வருஷத்துக்கு மேல் வாயைத் திறக்காதவள் இப்போது ஏன் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். காரணம் இந்தப் பொட்டலத்துக்குள் இருக்கிறது. பிரிக்கும்போது விரலைக் கிழித்துக்கொள்ளாதே. உள்ளே லேத்தில் இரும்பைச் சீவும் கார்பைடு இன்செர்ட்கள். எல்லாம் உடைந்தவை. உடைத்தது நான்.

உன் பெரியத்தானுக்குத் தோள்பட்டையில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. வலது கையைத் தூக்கக் கூடாது. பட்டறையின் பெரிய லேத்தை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். ஸ்டோரில் உட்கார்ந்து இன்செர்ட் வாங்கி வைத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவளுக்கு இது தேவையா என்று கேட்காதே. வேறு ஆள் இல்லை. இத்தனை வருஷம் அவர் ஓட்டியதைப் பார்த்த கண் இருக்கிறது, கையும் பழகிவிட்டது. சின்ன வேலைகளில் குறை வரவில்லை. இந்த வேலையில்தான் மாட்டிக்கொண்டேன்.

ஆற்றின் நடுவில் கப்பலுக்கு வழிவிட்டுத் திரும்புமே, அந்தப் பாலம் திரும்புவதில்லை. அடியில் இருக்கும் வளையம் தேய்ந்து, பாதியிலேயே நின்றுவிட்டது. இப்போது ஆற்றோடு நீளவாக்கில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இக்கரை ஆள் இக்கரையில், அக்கரை ஆள் அக்கரையில். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூடப் படகில்தான் வருகிறார்கள். மழை தொடங்கினால் படகும் ஓடாது. புது வளையம் வருவதற்கு ஒரு வருஷம் ஆகுமாம். அதனால் பழைய வளையத்தையே கழற்றி, தேய்ந்த முகத்தில் நம் வெல்டர் சுற்றிலும் வெல்டிங் போட்டு மேடாக்கியிருக்கிறார். அதைச் சீவி மட்டமாக்குவது நம் வேலை. எல்லாப் பட்டறையும் கையை விரித்த பிறகு உன் பெரியத்தான் சரி என்று தலையாட்டிவிட்டு, மறுநாள் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

வெல்டிங் கல் மாதிரி இருக்கிறது. போதாததற்கு முகம் முழுக்க போல்ட் பள்ளங்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் இன்செர்ட் வெளியே வந்து, மறுபடி மோதி உள்ளே போகிறது. நாலு பேர் கைகோத்தாலும் வளைக்க முடியாத வளையம், நகத்தளவு துண்டு. அரைச் சுற்றுத் தாங்குவதில்லை.

நீ இன்செர்ட் செய்யும் கம்பெனியின் சோதனை அறையில் இருக்கிறாய், கொழுந்தனார் அங்கேயே லேத் ஓட்டுகிறார் என்று கேள்விப்பட்டேன். போனில் பேசலாம்தான். ஆனால் உடைந்த துண்டைப் போனில் அனுப்ப முடியாது. அதோடு அந்தப் பக்கம் உன் வீட்டுக்காரர் காது, இந்தப் பக்கம் இவர் காது. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் நான் எழுதுவது தெரிய வேண்டாம். தெரிந்தால் வேலையை விட்டுவிட்டுக் கௌரவத்தைப் பிடித்துக்கொள்வார்கள்.

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள் 'போயிட்டு வரேன்' என்பார்கள். நீ 'போறேன்' என்றாய். அது இன்னும் காதில்தான் இருக்கிறது.

ஏன் உடைகிறது என்று மட்டும் பார்த்துச் சொல்.

அக்கா

*

ஏப்ரல் 5

அக்கா,

நீங்க பெரிய லேத் ஓட்டுறீங்களா. அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். சோதனை அறையில எல்லாரும் என்ன ஆச்சுன்னு கேக்குற அளவுக்குச் சிரிச்சிருக்கேன் போல. கிண்டல் இல்லக்கா, சந்தோஷம். அந்த லேத் மேடையில நீங்க கண்ணாடியை நெத்தியில ஏத்திக்கிட்டு நிக்கறதைக் கற்பனை பண்ணிப் பார்த்தேன். எனக்கே ரெண்டு அங்குலம் வளர்ந்த மாதிரி இருக்கு.

இப்ப கேளுங்க. எனக்குக் கை பரபரங்குது. வரிசையா எழுத வருமான்னு தெரியல.

உங்க துண்டுகளை மைக்ராஸ்கோப்புல வெச்சேன். விளிம்புக்குக் குறுக்க மெல்லிசா கோடு கோடா வெடிப்பு. சீப்புப் பல் மாதிரி வரிசையா. ஒண்ணுல இருந்தா தற்செயல்னு விட்டுடலாம். எல்லாத்துலயும் இருக்கு. மோதல் எல்லாம் அப்புறம், முதல்ல சூடுதான் காரணம். இரும்பைச் சீவுறப்ப அந்த விளிம்பு தணலா இருக்கும். பள்ளம் வந்ததும் வெளிய வருது. வெளிய வந்த உடனே சூட்டை ஆத்துற கூலண்ட் தலையில கொட்டுது. மறுபடி உள்ள போய்க் கொதிக்குது. மறுபடி குளியல். சூடான கண்ணாடி டம்ளர்ல ஐஸ் தண்ணியை ஊத்தி ஊத்தி எடுத்தா எத்தனை தடவை தாங்கும். வெடிப்பு விட்டதும் ஒரு சின்ன இடி போதும், உதிர்ந்துடும்.

அதனால கூலண்டை நிறுத்துங்க. குறைக்கறது இல்ல, மொத்தமா குழாயை மூடிடுங்க. பெரியத்தான் கத்துவாரு. கத்தட்டும்.

அக்கா, இதைப் பார்த்ததும் எனக்கு வேற ஒண்ணு தோணுச்சு. அன்னைக்கு பம்ப் ஷாஃப்ட் வீணாப் போச்சே, எல்லாச் சண்டைக்கும் காரணமான அந்த ஷாஃப்ட். அதுலயும் நீளமா ஒரு காடிப் பள்ளம் வெட்டியிருந்துச்சு. கூலண்ட் முழுசா திறந்திருந்துச்சு. தம்பி ஸ்பீடு கூட்டினதாலதான் இன்செர்ட் உடைஞ்சுதுன்னு பெரியத்தான் சொன்னாரு. இன்செர்ட்டே மட்டம்னு எங்க வீட்டுக்காரரு சொன்னாரு. இன்செர்ட் வாங்கி வெச்சது நீங்க. அப்படித்தானே நீங்களும் நானும் அதுக்குள்ள இழுக்கப்பட்டோம். அண்ணன் 'உனக்குக் கை மட்டும்தான் ஓடுது'ன்னதும், தம்பி 'உனக்கு அதுவும் ஓடல'ன்னதும், நாங்க பெட்டியைக் கட்டினதும்.

நீங்க வாங்கினது நல்ல இன்செர்ட்தான் அக்கா. இப்ப நான் கண்ணால பார்த்துச் சொல்றேன்.

'போறேன்'னு சொன்னதைப் பத்தி. 'போயிட்டு'ன்னு ஆரம்பிச்சிருந்தா 'வரேன்' வர்றதுக்குள்ள அழுதிருப்பேன். அதான் சின்ன வார்த்தையா சொல்லிட்டு ஏறிட்டேன்.

இதோட ஒரு டப்பா அனுப்புறேன். எங்க புது ரகம், போன மாசம்தான் கடைக்கு வந்துச்சு. பொன் நிறப் பூச்சு. மாசக் கணக்கா நானே உக்காந்து சோதிச்ச சாமான், தேயவே தேயாது. இதைப் போட்டு ஒரு சுற்றுப் பாருங்க. நாளைக்கே எழுதுங்க.

உங்க சின்னவ

*

ஏப்ரல் 9

சின்னவளுக்கு,

நல்ல செய்தி முதலில். கூலண்டை மூடினேன். இவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, 'பட்டறையைக் கொளுத்தப் போறியா' என்று கேட்டார். நான் லேத்தைப் போட்டேன். பழைய இன்செர்ட்டே ஒரு முழுச் சுற்றுக்கு மேல் போயிற்று. கழற்றி அவரிடம் நீட்டினேன். வெடிப்பு இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். பம்ப் ஷாஃப்ட்டைப் பற்றி நீ எழுதியதை நான் சொல்லவில்லை. அவரே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நினைக்கிறேன். தோள் வலிக்கும்போதெல்லாம், 'கை ஓடலன்னான், ஓடாமலே போச்சு' என்று சொல்கிறவர், இரண்டு நாளாக அதைச் சொல்லவில்லை.

கெட்ட செய்தி. உன் பொன் நிறத்துப் புது ரகம் இரண்டாவது பள்ளத்திலேயே நொறுங்கியது. உதிரவில்லை, நொறுங்கியது. துண்டு தெறித்து என் முகத் தடுப்பில் பட்டது. உடைந்தது போக மிச்சம் இருந்த துண்டு வளையத்தில் உராய்ந்து ஒரு காயம் போட்டுவிட்டது. இன்னும் சீவ வேண்டிய கனத்துக்குள்தான் இருக்கிறது, பிழைத்தோம். அதைவிடக் கொஞ்சம் ஆழமாகப் போயிருந்தால் ஊருக்கே பாலம் இல்லை. அன்று லேத்தை மூடிவிட்டேன். 'தேயவே தேயாது' என்று எழுதியிருந்தாய். உண்மைதான், தேய்வதற்கு அதற்கு நேரமே கிடைக்கவில்லை.

திட்டிவிட்டேன். இனி விஷயம்.

மறுநாள் பழைய இன்செர்ட்டைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஒவ்வொரு பள்ளத்தின் விளிம்பிலும் 'டக்' என்று ஒரு சத்தம். சுத்தியலின் கூர்ப்பக்கத்தால் அடிப்பது போல. கழற்றிப் பார்த்தால் உதிர்வது எப்போதும் ஒரே இடம், முன்னால் நீண்டிருக்கும் மூக்கு. மூக்கு நுனிதான் முதலில் மோதுகிறது. மனுஷனுக்கும் அப்படித்தானே, மூக்கில் அடி விழுந்தால் ஆள் விழுந்துவிடுவான், தோளில் விழுந்தால் தாங்கிக்கொள்வான். அதனால் இன்செர்ட்டைப் பிடித்திருக்கும் ஹோல்டரைக் கொஞ்சம் சாய்த்துத் திருப்பி வைத்தேன். இப்போது பள்ளத்தின் விளிம்பு நுனியில் படாமல் சற்றுப் பின்னால் படுகிறது. சத்தம் மாறியது. 'டக்' போய் 'தொம்' என்று கேட்டது. அதே இன்செர்ட் இரண்டு சுற்றுத் தாங்கியது.

ஆனால் இரண்டு சுற்று போதாது. கடைசிச் சீவலை ஒரே விளிம்பில் தொடங்கி அதே விளிம்பில் முடிக்க வேண்டும். நடுவில் மாற்றினால் படி விழும், படி விழுந்தால் பாலம் அங்கே இடறும். அடி தோளில் விழட்டும் என்று நான் சொல்லிவிட்டேன். அதற்கு ஏற்ற இன்செர்ட் உன்னிடம் இருக்கிறதா என்று நீ சொல்.

அக்கா

பின்குறிப்பு: 'வரேன்' விஷயம் படித்தேன். சரி.

*

ஏப்ரல் 12

அக்கா,

முகத்தை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல. ரொம்பக் கெட்டியான சாமான் தேயாது, ஆனா அடி தாங்காது. தினமும் இதையே பார்க்குறவ நான். என் கையால வளர்ந்த ரகம்னு ஆசையில மறந்துட்டேன். உங்க முகத் தடுப்புல பட்டதுக்கு நான்தான் பொறுப்பு. மன்னிச்சிடுங்க.

ஆனா அக்கா, அந்த 'தோள்'. அதைப் படிச்சிட்டு என்னால நாற்காலியில உக்கார முடியல. எழுந்து அறைக்குள்ளயே நடந்தேன். மூக்குல அடி விழக் கூடாதுன்னா, மூக்கே இல்லாத இன்செர்ட்டைப் போட்டா என்ன. வட்ட இன்செர்ட். பொத்தான் மாதிரி. எங்க பார்த்தாலும் தோள்தான். அதுலயும் கோபால்ட் கூடுதலா சேர்த்து அழுத்தின ரகம் ஒண்ணு எங்ககிட்ட சோதனையில கிடக்கு. கார்பைடுத் தூளை ஒட்ட வைக்கிறது அந்த கோபால்ட்தான், அது கூடினா கொஞ்சம் சீக்கிரம் தேயும், ஆனா இடியைப் பொறுத்துக்கும். வாங்குறதுக்கு ஆள் இல்லன்னு ஓரமா வெச்சிருந்தாங்க. விளிம்பையும் ரொம்பக் கூரா விடாம, லேசா மழுக்கிக் கேட்டு வாங்கினேன்.

சோதிச்சுப் பார்க்காம இனிமே உங்களுக்கு எதையும் அனுப்ப மாட்டேன். ஒரு தடிக் கம்பியில வெல்டிங் போட்டு மேடாக்கி, குறுக்க பள்ளம் வெட்டச் சொன்னேன். ஆனா சோதனை லேத்தை ஓட்டுறது யாரு, இவருதான். 'ஒரு கஸ்டமருக்கு'ன்னு மட்டும் சொன்னேன். இவரு ஒண்ணும் கேக்காம மாட்டினாரு. முதல்ல மெதுவா ஓட்டினோம். விளிம்புல இரும்புத் துணுக்கு அப்பிக்கிட்டு, பிய்யிறப்ப கார்பைடையும் சேர்த்துப் பிய்ச்சுது. ஸ்பீடை ஏத்தினோம். சீவல் முதல்ல வைக்கோல் நிறம், அப்புறம் நல்ல நீலம். நீலமா வந்தா சூடு சீவலோட வெளிய போயிடுதுன்னு அர்த்தம். இன்னும் கொஞ்சம் ஏத்தினோம். கம்பி முழுசும் முடிஞ்சுது. திரும்ப ஓட்டினோம். விளிம்பு அப்படியே இருக்கு அக்கா. நான் கையைத் தட்டிட்டேன், மொத்த அறையும் திரும்பிப் பார்த்துச்சு.

அப்ப இவரு லேத்தை நிறுத்திட்டு, துணியில கையைத் துடைச்சுக்கிட்டே மெதுவா சொன்னாரு. 'இந்த ஸ்பீடுல அந்தப் பெரிய லேத்தோட இடது தூண் ஆடும். சுவத்துக்கும் தூணுக்கும் நடுவுல ஒரு கட்டை குடுத்து ஆப்பு வைக்கணும். அண்ணிகிட்ட சொல்லிடு.'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. 'எப்பத் தெரியும்'னு கேட்டேன். 'நீ வீட்டுல தானா சிரிச்சப்பவே'ன்னாரு. ஆபரேஷனைப் பத்திச் சொன்னேன், 'அவருக்கு எந்தத் தோள்'னு கேட்டாரு.

கூலண்ட் விஷயத்தையும் சொல்லிட்டேன். பம்ப் ஷாஃப்ட்னு நான் வாயைத் திறக்கறதுக்குள்ளயே 'தெரியுது'ன்னுட்டாரு. மெதுவா ஓட்டினாலும் உடைஞ்சிருக்கும், வேகமா ஓட்டினாலும் உடைஞ்சிருக்கும், அன்னைக்கு ரெண்டு பேரும் பேசினது எல்லாம் வெறும் பேச்சு.

இப்ப ஒரு சிக்கல். எங்க அறைத் தலைவரை மைக்ரான் சார்னு கூப்பிடுவோம். டீயில கூட ஒரு மைக்ரான் சர்க்கரை கம்மிம்பாரு. கடைக்குப் போகாத ரகத்தை வெளிய அனுப்ப முடியாதுன்னு ஒத்தைக் கால்ல நிக்கறாரு. கம்பெனி ஆள் ஒருத்தர் கூடவே போய், கூடவே நின்னு, கூடவே எடுத்துட்டு வரணுமாம். என்னால இந்த வாரம் அறையை விட்டு நகர முடியாது. லேத் தெரிஞ்ச கம்பெனி ஆள்னா, இவரு ஒருத்தர்தான்.

இவரு சரின்னும் சொல்லல, முடியாதுன்னும் சொல்லல. பையில ரெண்டு சட்டை மடிச்சு வெச்சிருக்காரு. நீங்க சொல்லுங்க.

சின்னவ

*

ஏப்ரல் 14

சின்னவளே,

இவரிடம் சொல்லிவிட்டேன். சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, 'கம்பெனியில இருந்து ஒரு ஆள் இன்செர்ட் கொண்டு வராரு' என்றேன். 'யாரு' என்றார். 'உங்க தம்பி' என்றேன். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, 'கம்பெனி ஆள்தானே, வரட்டும். கம்பெனி ஆளுக்கு டீ குடுக்காம அனுப்பறது இல்லையே நாம' என்றார்.

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், கட்டில் மேல் புது விரிப்பு போட ஒற்றைக் கையால் போராடிக்கொண்டிருக்கிறார், தம்பி படுத்துக்கொள்ளும் அந்தப் பழைய அறையில்.

அனுப்பு.

அக்கா

*

ஏப்ரல் 18

சின்னவளே,

முடிந்தது. இதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் நீ கடைசிப் பக்கத்துக்குத் தாவுவாய். மற்றதை உன் வீட்டுக்காரர் போனில் சொல்லியிருப்பார். ஆனால் அவர் சொல்லும்போது தன்னைப் பற்றிய பாதியை விட்டுவிடுவார். அதனால் நான் எழுதுகிறேன்.

வாசலில் வந்து நின்றார். இளைத்திருக்கிறார், ஒழுங்காகச் சாப்பாடு போடு. என்னைப் பார்த்து 'அண்ணி' என்றார். ஸ்டூலில் இருந்த அண்ணனைப் பார்க்காமல் நேரே லேத்திடம் போய், இடது தூணில் கையை வைத்து நின்றார். அண்ணனோ ஜன்னலுக்கு வெளியே காக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெல்டர் மட்டும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஆரம்பித்தது. 'அண்ணி, லேத்தோட சொந்தக்காரர்கிட்ட சொல்லுங்க, தூணுக்குக் கட்டை வேணும்.' 'கம்பெனி ஆள்கிட்ட சொல்லு, கட்டை வலது மூலையில இருக்கு, அவருக்கே தெரியும்.' 'அண்ணி, ஆப்பு கொஞ்சம் மெல்லிசா இருக்கே.' 'அந்தக் காலத்துல அவரே செஞ்ச ஆப்புதான்னு சொல்லு.' இரண்டு பேருக்கும் நடுவில் பத்தடி தூரம், நான் தபால் ஆபீஸ்.

கட்டையை வைத்து ஆப்பு இறுக்கினார். உன் பொத்தானை ஹோல்டரில் பூட்டினேன். கையில் எடுத்தபோது சாதாரணமாகத்தான் இருந்தது. இதற்குள் இவ்வளவு பேச்சா என்று தோன்றியது. மேடையில் ஏறினேன். வளையம் பூட்டிய லேத் மேசை சுற்றத் தொடங்கியது.

'ஏத்துங்க அண்ணி' என்றார் ஒருவர். 'குறைக்கச் சொல்லு' என்று வெல்டரைப் பார்த்தார் மற்றவர். 'இன்னும் ஏத்தலாம்.' 'அவ இஷ்டத்துக்கு விடச் சொல்லு, ஆனா குறைக்கச் சொல்லு.' நான் லேத்தை நிறுத்திவிட்டு இறங்கி வந்தேன். 'ரெண்டு பேரும் வெளிய போங்க' என்றேன். நான் அப்படிப் பேசி இவர் கேட்டதில்லை. போனார்கள். வெல்டரும் தன்னைச் சொல்லவில்லை என்று தெரிந்தும் போனார். மூன்று பேரும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

மறுபடி ஏறினேன். நீ எழுதிய இடத்துக்கு ஸ்பீடைக் கொண்டுபோனேன். முதல் பள்ளம். தொம். அடுத்தது. தொம், தொம். எல்லாப் பள்ளமும் ஒரே மாதிரி. கொஞ்ச நேரத்தில் அது சத்தமாகவே கேட்கவில்லை, நாடி மாதிரி இருந்தது. சீவல் நீலமாகச் சுருண்டு சுருண்டு தடுப்பில் விழுந்தது. அப்படி ஒரு நீலம். வெல்டிங்கின் கரடுமுரடு போய், பின்னால் பளபளவென்று ஒரு பாதை விரிந்துகொண்டே வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. யாரும் பார்க்காதபடி சிரித்தேன். நீ பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். இதை எழுதுவதில் எனக்குக் கூச்சம் இல்லை.

இரண்டு சீவல் இப்படியே போயிற்று. கடைசிச் சீவலுக்குப் புது விளிம்பு திருப்பிப் போட்டேன். பாதிக்கு மேல் போயிருக்கும், மேடை லேசாக அதிர்ந்தது. பார்த்தால் தூணிலிருந்து ஆப்பு நழுவிக்கொண்டிருக்கிறது. நிறுத்தினால் அந்த இடத்தில் படி விழும். ஓட்டினால் தூண் ஆடி வளையம் முழுக்க அலை விழும். கைப்பிடியை விட்டு நான் இறங்கவும் முடியாது. கூப்பிட வாயைத் திறந்தேன்.

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. கதவு திறந்த சத்தம்தான் கேட்டது. உன் வீட்டுக்காரர் சுத்தியலோடு ஓடி வருகிறார், அவருக்கு முன்னால் இவர். இவர் போய்த் தன் நல்ல தோளை, இடது தோளை, கட்டையில் கொடுத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். தம்பி ஆப்பு அடிக்க ஓங்கினார். இவர் கை ஆப்புப் பக்கத்திலேயே இருந்தது.

'கையை எடுண்ணே' என்று தம்பி கத்தினார்.

'நீ பார்த்து அடிடா' என்று இவர் கத்தினார்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசியது அவ்வளவுதான். அடி விழுந்தது. ஆப்பு ஏறியது. அதிர்வு நின்றது. சீவல் முடியும்வரை இவர் தோளை எடுக்கவில்லை, தம்பி ஆப்பிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குத் தொம் தொம் மட்டும்தான்.

மேசை நின்றதும் மட்டம் காட்டும் கருவியின் முள்ளை வைத்து அளந்தோம். வளையத்தைச் சுற்றிலும் முள் இருந்த இடத்திலேயே சோம்பலாக உட்கார்ந்திருந்தது. மூன்று முறை அளந்தோம், நம்பாமல். இன்செர்ட்டைக் கழற்றினேன். விளிம்பு லேசாக மங்கியிருந்தது, வேறொன்றும் இல்லை. இவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தம்பியிடம் நீட்டினார். 'உன் பொண்டாட்டி கெட்டிக்காரிடா.' தம்பி சொன்னார், 'ஓட்டினது உன் பொண்டாட்டி.' இப்படியே கொஞ்ச நேரம் நம் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் புகழ்ந்துகொண்டார்கள். ஒருவரையொருவர் புகழ்வதற்கு இன்னும் வாய் வரவில்லை. வரும்.

உன் வீட்டுக்காரர் திரும்ப வருவதற்குள் இன்னும் இரண்டு நாள் ஆகும். வளையத்தை ஏற்றி அனுப்பும்வரை இருக்கிறேன் என்கிறார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

அக்கா

*

ஏப்ரல் 21

அக்கா,

உங்க கடிதத்தைச் சோதனை அறையில சத்தமா படிச்சேன். 'நல்ல தோளை' வந்ததும் என்னால படிக்க முடியல, மைக்ரான் சார்தான் வாங்கிப் படிச்சு முடிச்சாரு. அவரு படிச்சுட்டு, 'இந்த ரகத்துக்கு ஆள் இல்லன்னு யார் சொன்னது'ன்னு கேட்டாரு. சொன்னதே அவருதான். அடுத்த மாசம் வட்ட ரகம் தயாரிப்புக்குப் போகுது. நான்தான் பார்த்துக்கணுமாம். அறிக்கையில 'ஓட்டிப் பார்த்தது'ன்னு ஒரு இடம் இருக்கும். அதுல என்ன எழுதட்டும்னு கேட்டேன். 'யார் ஓட்டினாங்களோ அவங்க'ன்னாரு. உங்களை எழுதியிருக்கேன்.

ராத்திரி இவரு போன் பண்ணினாரு. பின்னாடி பெரியத்தான் இருமறது கேட்டுச்சு. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்துதான் பேசியிருக்காங்க. நாம திரும்ப வந்துடலாமான்னு கேட்டாரு. நேத்தே எல்லாம் முடிவாயிட்ட மாதிரி, எந்த அறை, எந்த மெஷின் வரைக்கும் பேசினாரு.

அக்கா, உங்ககிட்ட நேராவே சொல்றேன். எனக்கு வர மனசு இல்ல. கோபத்துல சொல்லல. கோபம் எப்பவோ போச்சு. காலையில மைக்ராஸ்கோப்பைத் திறந்தா உள்ள ஒரு ஊரே இருக்கு, எனக்கு அதைப் பார்த்துத் தீரல. திரும்ப வந்து டப்பா எண்ணிக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும். நீங்களே சொல்லுங்க, உங்களை இப்ப லேத்தை விட்டு இறங்கி ஸ்டோருக்குப் போன்னா போவீங்களா.

ஆனா ஒரு யோசனை இருக்கு. எங்ககிட்ட பெரிய சாமான்ல ஓட்டிப் பார்க்க மெஷின் கிடையாது. கம்பியில ஓட்டிட்டு, பெருசுல என்ன ஆகுமோன்னு உத்தேசமாத்தான் சொல்றோம். உங்க பட்டறையில ஓட்டினா என்ன. ரகம் நாங்க அனுப்புவோம், இவரு கொண்டு வருவாரு, நீங்க ஓட்டணும், சத்தம் எப்படி இருந்துச்சுன்னு எழுதணும். மைக்ரான் சார்கிட்ட கேட்டுட்டேன். 'சத்தத்தை எப்படி எழுதுவாங்க'ன்னாரு. உங்க ஏப்ரல் 9 கடிதத்தைக் காட்டினேன். சரின்னுட்டாரு.

வர மாட்டேன்னு சொன்னதுக்குத் திட்டுறதா இருந்தா முழுசா திட்டுங்க. ஆனா பதில் போடாம மட்டும் இருக்காதீங்க.

சின்னவ

*

மே 7

சின்னவளே,

பதில் தாமதமானதற்குக் கோபம் காரணம் இல்லை. வளையத்தை இறக்கிப் பொருத்தும் இடத்திலேயே இருந்துவிட்டேன். உன் கடிதம் வந்த அன்றே உன் வீட்டுக்காரரைப் பேருந்தில் ஏற்றிவிட்டேன். 'அவ அங்கதான் இருப்பா, நீங்க போய்ச் சேருங்க, மாசம் ஒரு தடவை ரெண்டு பேரும் வாங்க' என்றேன். உன் பெரியத்தானுக்கு முகம் விழுந்துவிட்டது. 'என்னை இப்ப லேத்தை விட்டு இறங்கி ஸ்டோருக்குப் போன்னா போவேனா' என்று நீ கேட்ட கேள்வியையே அவரிடம் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதற்குமேல் வற்புறுத்தவில்லை. உன் யோசனைக்குச் சரி. முதல் டப்பாவை அனுப்பு.

நேற்றுப் பாலம் திரும்பியது.

இரண்டு கரையிலும் கூட்டம். வானம் கறுத்துப்போய், எப்போது கொட்டுமோ என்று இருந்தது. பாலம் ஓட்டுகிறவர் எங்களைப் படகில் வரவழைத்து மேலே ஏற்றிக்கொண்டார். ஒரு சின்னக் கூண்டு, அதற்குள் ஒரு கைப்பிடி. 'வளையத்தைச் சீவினவர் யாரோ அவரே தள்ளட்டும்' என்று இவரைப் பார்த்தார். இவர் நகர்ந்து நின்று என்னைக் காட்டினார்.

தள்ளினேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் அழுத்தித் தள்ளினேன். பிறகு காலடியில் ஒரு முனகல், ஒரு சின்ன அசைவு. நான் வளையத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கேயும் இடறவில்லை. ஒரே சீராக, எண்ணெயில் வழுக்குவது போலப் போயிற்று. நிமிர்ந்து பார்த்தால், நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன், எதிர்க்கரை மொத்தமும் ஆள்களோடு, மரங்களோடு, சைக்கிள்களோடு என்னை நோக்கி வந்துகொண்டிருக்கிறது.

பாலம் கரையில் போய்ப் பூட்டிக்கொண்டதும் தடுப்பைத் திறந்தார்கள். முதலில் ஓடியவர் நம் வெல்டர். அவர் வீடு அக்கரையில் என்பது உனக்குத் தெரியுமே. அதற்குப் பின்னால் இரண்டு பக்கமும் ஜனம். யார் எந்தக் கரை ஆள் என்று கொஞ்ச நேரத்தில் தெரியாமல் போயிற்று.

எல்லோரும் இறங்கியும் நான் கூண்டிலேயே நின்றேன். 'இறங்கலாமே' என்றார் பாலக்காரர். 'இன்னொரு தடவை திருப்பட்டுமா' என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, 'இப்பத் திருப்பினா அத்தனை பேரும் ஆத்துலதான்' என்றார்.

அடுத்த கப்பல் எப்போது என்று கேட்டு வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலை. அன்றைக்கும் நானே தள்ளலாமாம். கூண்டில் இரண்டு பேர் தாராளமாக நிற்கலாம். வெள்ளிக்கிழமையே கிளம்பி வந்துவிடு.

அக்கா